சிக்கனமான கட்டடம்

அறையை விட்டுக் கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவது என் பழக்கம். நேற்று நீங்கள் டீ குடிக்க வெளியே போனீர்கள். இந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன், மேலே இரண்டு விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்று போதும் என்று எழுந்துபோய் மற்றதை நிறுத்தினேன். வாசலில் நின்ற உங்கள் ஏட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்வதை யாரும் கடைசிவரை கேட்பதில்லையே என்ற வருத்தம்தான். இன்றைக்காவது கேளுங்கள் சார், வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் சந்திரசேகர். வயது நாற்பத்து மூன்று. மின் பொறியியல் படித்தவன். அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்து, அதைக் குறைக்க வழி சொல்லி, பசுமைக் கட்டடச் சான்று வாங்கித் தருவது என் தொழில். வாங்கித் தருவது என்று பெயர்தானே தவிர, ஆறு வருடத்தில் ஒன்றுகூட வாங்கித் தந்ததில்லை. வருவார்கள், காபி குடிப்பார்கள், எல்லாம் கேட்டுக்கொள்வார்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள். கீழே பல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள்கூட என் வாடிக்கையாளர்களைவிட அடிக்கடி திரும்பி வந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் போன வருடம் பிப்ரவரியில் சிவக்குமார் வந்தார். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி அவருக்குப் படுக்கை விரிப்பு ஏற்றுமதி நிறுவனம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மடித்துக் கட்டுவார்கள், மேல்தளத்தில் இருபத்திரண்டு பெண்கள் ஓரம் தைப்பார்கள். வெளிநாட்டில் இருந்து சரக்கு எடுக்கிறவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். இன்னும் இரண்டு வருடத்துக்குள் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று இல்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று. அந்த ஆர்டர் போனால் மேல்தளத்தைப் பூட்ட வேண்டியதுதான். புதிதாகக் கட்ட நேரம் இல்லை. இருப்பதைப் புதுப்பித்துச் சான்று வாங்கலாமா என்று கேட்டார். வாங்கலாம் என்றேன். அந்தக் கேள்வியை ஆறு வருடம் கழித்து ஒரு மனிதர் நிஜமாகவே கேட்டார், அதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் விதி வருகிறது. இதை நீங்கள் மூன்று நாளாக எழுதிக்கொள்ளாமல் தாண்டிப் போகிறீர்கள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மறுபடி சொல்கிறேன்.

புதுக் கட்டடம் என்றால், அதே அளவில் கணினியில் ஒரு கற்பனைக் கட்டடத்தை எழுப்புவோம். ஊரில் எல்லோரும் கட்டுவதுபோல, சாதாரணமாக, கொஞ்சம் மட்டமாக. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று கணக்குப் போட்டு, நிஜக் கட்டடம் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக எடுத்தால் சான்று. பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் விதி வேறு. அங்கே கற்பனைக்கு இடம் இல்லை. புதுப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கட்டடம் தானே எடுத்த மின்சாரம்தான் அளவுகோல். புதுப்பித்த பிறகு அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் போய் மீட்டரைப் பார்த்தேன். மாதம் அறுநூற்றுப் பத்து யூனிட். அந்த அளவுள்ள கட்டடம் இரண்டாயிரத்து ஐந்நூறாவது எடுக்க வேண்டும். மீட்டர் பழுதோ என்று இன்னொன்று வைத்துப் பார்த்தேன். பழுது இல்லை. காரணம் சிவக்குமாரின் அப்பா ராசப்பன்.

கட்டடத்தை எண்பத்தேழில் கட்டியவர் அவர்தான். வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல், உயரமான கூரை, வெயில் உள்ளே விழாத தாழ்வாரம். பகலில் விளக்கே வேண்டாம். எழுபத்து நான்கு வயதிலும் ஒரு நாளைக்கு நான்கு முறை மேலும் கீழும் ஏறி இறங்கி, ஆள் எழுந்துபோன இடத்தில் விசிறி சுற்றினால் நிறுத்திவிடுவார். அதற்காக அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. யாரும் நன்றி சொல்லவும் இல்லை. தையல்காரப் பெண்கள் அவர் வரும் சத்தம் கேட்டாலே சிரிப்பார்கள்.

நான் என்னதான் புதுப்பித்தாலும், கூரைக்கு வெப்பத்தடுப்புப் போட்டாலும், மோட்டார்களை மாற்றினாலும், அறுநூற்றுப் பத்து ஐந்நூற்று எண்பதாகும். அவ்வளவுதான். ஒழுங்காக இருந்த கட்டடத்துக்குச் சான்று கிடையாது. பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி போட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறவன் கதவைச் சாத்தினாலே அவனுக்குச் சான்று. சான்று தரும் அமைப்புக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது, விதிப் புத்தகத்தைப் பார்க்கவும் என்று. எனக்கு வயிறு எரிந்தது சார். இன்னமும் எரிகிறது.

மார்ச் மாதம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஒரே வழிதான் இருக்கிறது என்று நான் சொன்னேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அடுத்த மார்ச் கடைசிவரை, பன்னிரண்டு மாதம், இந்தக் கட்டடம் மற்றக் கட்டடங்களைப்போல மின்சாரம் எடுக்க வேண்டும். அதன் பிறகு புதுப்பித்துக் குறைத்துக் காட்டலாம். ராசப்பன் காதருகே கையை வைத்துக் கேட்டார்.

“அப்ப ஒரு வருசம் ஊதாரியா இருந்தாத்தான், அப்பறமா சிக்கனக்காரன்னு பட்டயம் குடுப்பாங்களாக்கும்?”

“ஆமாங்க.”

“அப்ப நானு நாப்பது வருசமா இருந்ததுக்கு?”

“அதுக்கு விதியில எடம் இல்லீங்க.”

அவர் மனைவி வசந்தாமணி தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “வேற வழியே இல்லீங்களா சாமி?” என்று கேட்டார். “இல்லீங்கம்மா, நான் நல்லாப் பாத்துட்டேன்” என்றேன். சிவக்குமார் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, “சந்திரசேகர் சாரைக் கேக்காம ஆரும் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அப்பாவையும் சேர்த்துத்தான்.

சூரமங்கலத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் ஆறு ஜன்னல் ஏசிகள், பத்து ஹாலஜன் விளக்குகள் வாங்கினேன். ஏசிகளை மேல்தளத்தில் மாட்டி, ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொன்னேன். மீட்டரை நான் தொடவில்லை. ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை. வந்த ஒவ்வொரு யூனிட்டும் நிஜமாக எரிந்த யூனிட். மோசடி என்று நீங்கள் தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

தனப்பிரியா என்று ஒரு பெண், இருபத்து நான்கு வயது, மூன்றாவது ஜன்னல் ஓரம் அவள் மிஷின். முதல் வாரமே என்னிடம் வந்தாள். “சார், ஒண்ணு ஜன்னலைச் சாத்துங்க, இல்லாட்டி ஏசிய நிறுத்துங்க. ரெண்டும் வேணும்னா ஒரு சொட்டரும் ஒரு விசிறியும் வாங்கிக் குடுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்ல பெண். வேலையிலும் சுத்தம்.

சிக்கல் வயரில் வந்தது. எண்பத்தேழில் டியூப்லைட்டுக்கும் விசிறிக்கும் என்று போட்ட வயர். மதியம் எல்லாம் ஓடினால் ஃபியூஸ் போய்விடும். புதுச்சத்திரத்து எலக்ட்ரீசியன் பச்சமுத்து வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, “வயரு கொதிக்குதுங்க சார். மொத்தமா மாத்தீருங்க, இல்லீன்னா லோடைக் கொறைங்க” என்றார். மாற்ற முடியாது. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டடத்தில் எதையாவது மாற்றினால் புதுப்பிப்பு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மாட்டிக் கழற்றுகிற ஏசியும் விளக்கும் அதில் சேராது, ஆனால் கூரை, ஜன்னல், வயர் எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். இதை எடுத்துச் சொல்லி, ஃபியூஸ் கட்டையில் கொஞ்சம் தடித்த கம்பியாகப் போடுங்கள், ஊரில் எல்லோரும் போடுவதுதானே என்றேன். பச்சமுத்து கருவிப் பையை மூடிவிட்டார். “அந்தக் கம்பி போறதுக்குத்தானுங்க இருக்குது. அது போகாட்டி வேற ஒண்ணு போகும்” என்றார். போகிறவரை நான் தடுக்கவில்லை. கம்பியை நானே போட்டேன். மே பதினான்காம் தேதி. அதன் பிறகு ஒரு தடவைகூட ஃபியூஸ் போகவில்லை.

மாதம் இரண்டாயிரத்து எண்ணூறு வந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்கூட வந்தது. ராசப்பன்தான் ஒத்துழைக்கவில்லை.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கட்டடத்துக்குள் இருக்கிறவர்களே ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்சாரத்தை நிறுத்தினால் அது தடை. மூன்று தடைவரை மன்னிப்பு உண்டு. நான்காவது வந்தால் முதலிலிருந்து மறுபடி பன்னிரண்டு மாதம். சிவக்குமாருக்கு அப்படி இன்னொரு வருடம் கிடையாது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் மெயினையே இறக்கிவிட்டார். கேட்டதற்கு, “ஆளில்லாத ரூமுக்கு எதுக்குங்க சாமி ஏசி, பேய்க்கு வேர்க்குதுங்களா?” என்றார். ஆயுத பூஜைக்கு மறுபடி இறக்கினார். மிஷின்களுக்குப் பொட்டு வைத்த பிறகு அன்றைக்கு அவற்றை ஓட்டக் கூடாது, அவற்றுக்கு ஓய்வு, அது அவர்கள் வழக்கம். தையல் மிஷினை நிறுத்துங்கள், ஏசிக்கு ஏன் ஓய்வு என்று கேட்டேன். “அதும் மிஷினுதானுங்களே” என்றார். மாட்டுப் பொங்கலன்று யாரும் வேலைக்கு வரவில்லை, வெற்றுக் கட்டடத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லையாம். மூன்றாவது தடை.

அன்று மாலையே போய், மாடிப்படிக்கு அடியில் இருந்த சுவிட்ச் அறைக்குப் பூட்டுப் போட்டேன். சாவி ஒன்றுதான். அதை என்னிடம் வைத்துக்கொண்டேன். ஒரு கிழவரை எத்தனை தடவை கெஞ்சுவது. அந்த அறையின் இரும்புக் கதவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து நின்றுவிட்டுப் போவார் என்று கூட்டிப் பெருக்கும் அங்காளம்மாள் சொன்னார்.

மேல்தளத்துக்கு அந்த ஒரு மாடிப்படிதான் வழி. அது உங்களுக்குத் தெரியும்.

இந்த மார்ச் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. இன்னும் பதினொரு நாள் பாக்கி. மதியம் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. ராசப்பனின் எண். பேசியது அங்காளம்மாள், பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் இந்தம்மாதான் எண்ணைப் போட்டுக் கொடுப்பார்.

“சார், படிக்கடியில வயரு தீயுற நாத்தம் வருதுங்க. கதவு சந்துல பொகை தெரியுதுங்க. ஐயா பூட்டை ஒடைக்கலாமான்னு கேக்கச் சொல்றாருங்க. ஒடைச்சரட்டுங்களா?”

பின்னால் ராசப்பனின் குரல் கேட்டது. “சாமிகிட்டக் கேட்டுப்போட்டே செய்யலாம், பையன் சொல்லியிருக்கறான்” என்றார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மூன்று தடவை என்னைக் கேட்காமல் இறக்கிய மனிதர், அன்றைக்கு ஒரு தடவை கேட்டார். கேட்காமல் உடைத்திருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

நான் சொன்னது இதுதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். “ஒடைக்க வேண்டாங்கம்மா. பழைய வயர் சூடானா அப்படித்தான் வாசம் வரும். இன்னும் பதினோரு நாள்தான். நான் வாரேன்னு ஐயாகிட்டச் சொல்லுங்க.”

“சரிங்க சார்” என்று வைத்துவிட்டார்.

புகை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று முதல் நாள் சொன்னேன், அதை மாற்றிக்கொள்கிறேன். மேசையில் ஒரு அறிக்கை பாதியில் இருந்தது, அதை முடித்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். விசிறியையும் விளக்கையும் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். சாவி சட்டைப் பையில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அதற்கப்பால் நடந்ததை நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். இருபத்தொரு பெண்கள் புகைக்குள் இறங்கி வந்துவிட்டார்கள். தனப்பிரியா வரவில்லை. அவளைக் கூட்டிவர மறுபடி மேலே போன அங்காளம்மாளும் வரவில்லை. ராசப்பன் கடைசியில் யாரையும் கேட்காமல் கல்லால் பூட்டை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல பூட்டு. கதவுக்கு முன்னாலேயே விழுந்து கிடந்தார் என்றார்கள்.

சிவக்குமார் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவே இல்லை. வசந்தாமணி அம்மாதான் என்னிடம் வந்தார். அழவில்லை. “சாவி எங்கீங்க சாமி?” என்று கேட்டார். பையிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கேட்டதைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று நீங்களும் அவர் போன வருடம் மார்ச்சில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டீர்கள், வேறு வழியே இல்லையா என்று. நான் விதியைச் சொன்னேன், நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த விதிப் புத்தகம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. எப்படியும் யாராவது படித்துக் காட்டுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தெட்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பாக ஒரு பத்தி இருக்கிறது. பழைய கட்டடம் ஏற்கெனவே வழக்கத்தைவிட மிகக் குறைவாக மின்சாரம் எடுப்பதாக இருந்தால், காரணத்தை எழுதி ஒரு விண்ணப்பம் கொடுத்து, புதுக் கட்டடத்தைப்போலவே கற்பனைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அப்படி ஒப்பிட்டால் அறுநூற்றுப் பத்து யூனிட்டுக்கு அப்போதே சான்று கிடைத்திருக்கும். ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ராசப்பன் நாற்பது வருடமாக விசிறியை நிறுத்திக்கொண்டிருந்ததற்கு விதியில் இடம் இருந்தது.

அந்தப் பத்திக்கு அடியில் பென்சில் கோடு போட்டது என் கைதான். பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன், எனக்கு அது பழக்கம். ஜூலை ஒன்பது. தடித்த கம்பி போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பூட்டு போட இன்னும் ஆறு மாதம் இருந்தது. அன்றைக்கே போய் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா கேட்டபோது நல்லாப் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். சிவக்குமார் தன் அப்பாவையே ஊர் முன்னால் அடக்கி வைத்தது என் பேச்சைக் கேட்டு. அவர்கள் வீட்டுக்குப் போய், முறுக்குத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் சரியாகப் படிக்கவில்லைங்க என்று எப்படிச் சொல்வது. ஆறு வருடத்தில் முதல் முறையாக என்னை நம்பியவர்கள் சார். அதனால் புத்தகத்தை மூடி வைத்தேன்.

மூன்று பேரும் என்னால்தான் செத்தார்கள். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒன்றை மட்டும் கீழே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியை மிகவும் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.